வண்டலூரில் முளைத்த இரண்டு கதவுகள்

டிரயம்ப் ஹெரால்டு காருக்கு இங்கிலாந்தில் பக்கத்துக்கு ஒரு கதவுதான். 1959 முதல் 1971 வரை அங்கே ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து விற்றார்கள். சலூன், கூபே, கூரை மடங்கும் கன்வெர்ட்டிபிள், எஸ்டேட் என்று பல உடம்புகளில் வந்தது. நாலு கதவு ஹெரால்டு மட்டும் அங்கே வரவேயில்லை. அது பிறந்த இடம் நம்ம ஜி.எஸ்.டி. ரோடு. வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலை.

பழைய ஸ்போர்ட்ஸ் கூபே ஒன்றையும் புதிய ஃபேமிலி செடான் ஒன்றையும் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுவது கார் பிரியர்களுக்குப் பிடித்த விளையாட்டு. தீர்ப்பு பெரும்பாலும் முன்பே தயாராக இருக்கும்: பழையதில் உயிர் இருக்கிறது, புதியதில் வசதி இருக்கிறது. அதோடு நிறுத்திக்கொண்டால் வரலாறு கையில் சிக்காது. ஒரு காரில் எதை மாற்றும் திறமையும் உரிமையும் யாரிடம் இருந்தது என்று கேட்டுப் பார்த்தால் கதை வேறு மாதிரி விரிகிறது. அதற்காக நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நான் இருப்பது கேளம்பாக்கம். மாம்பாக்கம், கண்டிகை வழியாக வண்டலூர் போய் ஜி.எஸ்.டி. ரோட்டைத் தொட்டால், வலது பக்கம் பழைய ஸ்டாண்டர்ட் ஆலையின் நிலம். இடது பக்கம் திரும்பி நேராகப் போனால் மறைமலை நகர் ஃபோர்டு ஆலை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம், கூடுவாஞ்சேரி சிக்னல் மனசு வைத்தால்.

என்னிடம் இருப்பது 2023 மாடல் வெர்னா. மாம்பாக்கத்தில் ஒரு நண்பரிடம் அறுபதுகளில் வந்த இரண்டு கதவு ஹெரால்டு ஓடுகிற நிலையில் இருக்கிறது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஹெரால்டு நீளம் 3.9 மீட்டருக்குச் சற்று குறைவு, எடை சுமார் 800 கிலோ, 948 சிசி எஞ்சின், ஏறக்குறைய 35 குதிரைத்திறன். வெர்னா நாலரை மீட்டர், 1.5 லிட்டர், 115 குதிரைத்திறன். ஹெரால்டில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். வெர்னாவில் ஆறு ஏர்பேக், குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம். முதல்முறை சாவியைக் கொடுத்தபோது நண்பர் சொன்னது இவ்வளவுதான்: "பிரேக்கை ரொம்ப நம்பாத. முன்னாடி ஆட்டோ போனா ரெண்டு ஆட்டோ இடம் விட்டு ஓட்டு."

ஆனால் புதுப்பாக்கம் பக்கம் ஒரு குறுகலான தெருவில் ஹெரால்டை ஒரே வீச்சில் திருப்பினேன். அதன் திருப்பு வட்டம் 25 அடி. லண்டன் டாக்ஸியைப் போலவே இருந்த இடத்தில் சுற்றிக்கொள்ளும். அந்தத் தெருவில் என் வெர்னாவுக்கு இரண்டு முறையாவது ரிவர்ஸ் போட வேண்டும். கண்ணாடித் தூண்கள் ஒல்லி என்பதால் நாலு பக்கமும் தெருவே தெரிகிறது. அரை நூற்றாண்டுக்கு முன் அம்பாசடரிலிருந்து இறங்கி இதில் ஏறியவருக்கு இது ஸ்போர்ட்ஸ் காராகத் தெரிந்திருந்தால் ஆச்சரியமில்லை.

உடம்பு வேறு, எலும்பு வேறு

ஹெரால்டின் சொந்த ஊர் கோவென்ட்ரி. ஐம்பதுகளில் ஸ்டாண்டர்ட்–டிரயம்ப் நிறுவனத்துக்கு ஒரு சிக்கல் வந்தது. அவர்களுக்குக் கார் உடம்பு செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953ல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. உடம்பும் சட்டகமும் ஒன்றாகச் சேர்ந்த மோனோகாக் முறைக்கு உலகமே மாறிக்கொண்டிருந்த நேரம் அது. அப்படிப்பட்ட முழு உடம்பை மொத்தமாகச் செய்து கொடுக்க அவர்களுக்கு ஆள் இல்லை. எனவே பழைய வழிக்கே போனார்கள். கீழே தனியாக ஒரு இரும்புச் சட்டகம். மேலே வெவ்வேறு இடங்களில் செய்த தகடுகளைக் கொண்டுவந்து போல்ட் போட்டு முடுக்குவது.

கட்டாயத்தால் வந்த இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நல்ல விளைவு இருந்தது. கூரையைக் கழற்றினால் கன்வெர்ட்டிபிள். வேறு கூரை மாட்டினால் கூபே. பின்பக்கத்தை மாற்றினால் எஸ்டேட். 1959 அறிமுக விழாவில், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் மேடையிலேயே தொழிலாளர்கள் மூன்று நிமிடத்தில் ஒரு காரைப் பூட்டிக் காட்டினார்கள். உடம்பை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜொவானி மிகெலோத்தி. பின்னால் இதே சட்டகத்தைக் கொஞ்சம் குறுக்கி, அதன் மேல் அவரே வரைந்த உடம்பை மாட்டியபோது 1962ல் ஸ்பிட்ஃபயர் வந்தது. 1966ல் இரண்டு லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினோடு ஜி.டி.6 வந்தது. அது அசல் ஸ்போர்ட்ஸ் கூபே. ஒரே எலும்பிலிருந்து குடும்பக் காரும் வந்தது, பந்தயக் காரும் வந்தது.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது உடனே புரியும். அடித்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் நடுவில் இருக்கும் இணைப்பு மாறாமல் இருந்தால், மேலே யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். கோவென்ட்ரிக்காரர்கள் இதைத் தங்களுக்காகத்தான் செய்தார்கள். ஆனால் அந்தச் சட்டகம் கப்பலேறி மெட்ராஸ் வந்தபோது அந்தச் சுதந்திரமும் கூடவே வந்துவிட்டது.

பின் சீட்டுக்குப் போகிற வழி

1948ல் மெட்ராஸின் யூனியன் கம்பெனி, இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டாரோடு சேர்ந்து ஆரம்பித்த நிறுவனம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. முதலில் வேன்கார்ட், பிறகு ஸ்டாண்டர்ட் எய்ட், டென் என்று சிறிய கார்கள். 1953ல் அரசு ஒரு முடிவெடுத்தது: பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி மட்டும் விற்கிற வேலை இனி ஆகாது, இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் உள்ளவர்கள் இருக்கலாம். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. மிஞ்சிய கார் நிறுவனங்களில் முக்கியமானவை மூன்று. கல்கத்தா பக்கம் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், மெட்ராஸில் ஸ்டாண்டர்ட்.

1961ல் ஹெரால்டு இங்கே வந்தது. டிரயம்ப் என்ற பெயர் இல்லை, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. கூபே வரவில்லை. இரண்டு கார்புரேட்டர் வைத்த வேகமான எஞ்சினும் வரவில்லை. வந்தது 948 சிசி, இரண்டு கதவு சலூன். ஆனாலும் லேசான வண்டி என்பதால் சோழவரம் பழைய விமான ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் ஹெரால்டுகள் ஓடின. கடைக்குப் போகிற காரை முடுக்கிப் பந்தயத்துக்குக் கொண்டுபோன காலம் அது.

அறுபதுகளின் நடுவில் இந்தக் கார் கிட்டத்தட்ட முழுவதுமாக இங்கேயே தயாராக ஆரம்பித்தது. அப்போதுதான் இரண்டு கதவுப் பிரச்சினையை வண்டலூர் தன் பிரச்சினையாக எடுத்துக்கொண்டது.

இரண்டு கதவுக் காரில் பின் சீட்டுக்குப் போக, முன் சீட்டை மடித்து, குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்து, உடம்பைத் திருப்பி நுழைய வேண்டும். கோவென்ட்ரியில் இது பெரிய விஷயமாக இல்லை. பின் சீட்டில் பெரும்பாலும் குழந்தைகள். இங்கே பின் சீட்டில் உட்காருகிறவர்கள் யார்? பாட்டி, அத்தை, கைக்குழந்தையோடு மருமகள். பட்டுப்புடவையோடு கல்யாணத்துக்குக் கிளம்பியவர்கள். நண்பரின் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "மாமியார் முன்னாடி உக்காந்துட்டா, அதுக்கு முன்னாடியே நாங்க மூணு பேரும் பின்னாடி ஏறி அடங்கிடணும். கோயில் வாசல்ல அவங்க இறங்கினாத்தான் எங்களுக்கு வழி. சில நாள் அவங்க இறங்கவே மாட்டாங்க, கார்லயே உக்காந்து கும்பிட்டுப்பாங்க." பின் சீட்டில் இருப்பவர் தன் இஷ்டத்துக்கு இறங்க முடியாத கார் அது. யாருக்குக் கதவு இருக்கிறது என்பது அந்த வீட்டில் யாருக்கு என்ன இடம் என்பதோடும் சேர்ந்ததுதான்.

1968 வாக்கில் மார்க் 3 வந்தது. நாலு கதவு. பக்கவாட்டுத் தகட்டை வெட்டி, நடுவில் தூண் நிறுத்தி, பின் கதவுக்குத் தனியாக அச்சு செய்து கொண்டுவந்தார்கள். ஐந்து கதவு எஸ்டேட்டும் செய்தார்கள். இவை இரண்டும் இந்தியாவுக்கு மட்டுமே உரியவை. எலும்பு தனியாக இருந்ததால்தான் இது முடிந்தது. மோனோகாக் காரில் பக்கவாட்டை வெட்டினால் காரின் பலமே போய்விடும், கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். ஹெரால்டில் பாரத்தின் பெரும்பகுதியைக் கீழே இருக்கிற சட்டகம் சுமக்கிறது. மேலே தகட்டு வேலை. தகட்டு வேலை நம் ஊருக்குப் புதிதல்ல. லாரிக்கும் பஸ்ஸுக்கும் வெறும் சேஸிஸ் வாங்கி வந்து முழு உடம்பும் கட்டுகிற பட்டறைகள் நிறைந்த மாநிலம் இது.

ஒரு ஸ்போர்ட்டியான இரண்டு கதவுக் கார் எப்படி ஃபேமிலி செடான் ஆகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒப்பிட இரண்டு கார் வேண்டாம். மார்க் 1ஐயும் மார்க் 3ஐயும் பக்கத்தில் நிறுத்தினால் போதும்.

கதவு மாறியது, எஞ்சின் மாறவில்லை

1971ல் கோவென்ட்ரி ஹெரால்டை நிறுத்தியது. வண்டலூர் நிறுத்தவில்லை. 1972ல் அதே சட்டகத்தில், இங்கேயே வடிவமைத்த நாலு கதவு உடம்போடு ஸ்டாண்டர்ட் கெசல் வந்தது.

கெசலில் இன்னொரு முக்கிய மாற்றமும் இருந்தது. ஹெரால்டின் பின் சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஊசலாடும் ஸ்விங் ஆக்சில் கொண்டவை. அந்தக் காலத்துச் சிறிய குடும்பக் கார்களில் இது அபூர்வம். காலியாகப் போனால் சொகுசு. ஐந்து பேரும் ஒரு மூட்டை அரிசியும் ஏறினால் பின் சக்கரங்கள் மேல்பக்கம் உள்ளே சாய்ந்துகொள்ளும், டயர் ஒரு ஓரத்தில் தேயும். வேகமாகத் திருப்பத்தில் போய்த் திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். இங்கே மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை, வாங்கியவர்களுக்கும் பிடிக்கவில்லை. கெசலில் அதை எடுத்துவிட்டு அம்பாசடரில் இருப்பதுபோன்ற திடமான பின் ஆக்சிலைப் போட்டார்கள். பொறியியல் பாடப்புத்தகப்படி இது ஒரு படி பின்னால் போவது. கல்யாணத்துக்கு ஏழு பேரை ஏற்றுகிற ஊரில் இதுதான் சரியான முடிவு. ஸ்போர்ட்ஸ் காரின் கடைசி அடையாளமும் அங்கே கழன்றது.

ஆனால் பானட்டைத் திறந்தால் அதே 948 சிசி. கெசல் 1977ல் நின்றபோதும் அதுவேதான். பதினாறு வருடம் எஞ்சின் அளவு மாறவில்லை.

ஏன்? கதவைத் தகட்டிலும் உழைப்பிலும் மாற்றிவிடலாம். புதிய எஞ்சினுக்கு வார்ப்பு, கடைசல், அச்சுகள், வெளிநாட்டு இயந்திரங்கள் என்று பெரிய முதல் வேண்டும். அன்னியச் செலாவணிக்கு டெல்லியிடம் நிற்க வேண்டும். எத்தனை கார் செய்யலாம் என்பதற்கே லைசென்ஸ். 1969ல் கார் விலையையும் அரசே நிர்ணயித்தது. கார் கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போயின, 1971ல் தீர்ப்பு வந்தது. மறுபக்கம், கம்பெனிகளுக்கும் அவசரம் இல்லை. மூன்றே பேர் இருக்கிற சந்தையில் வாங்குகிறவருக்கு வேறு போக்கிடம் கிடையாது. கட்டுப்பாடு பாதி, சோம்பல் பாதி. இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்தன. அதனால் வண்டலூரின் பொறியாளர்களைப் பற்றி நினைக்கும்போது எனக்குப் பெருமையும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன. அவர்கள் கைக்கு எட்டியதை எல்லாம் மாற்றினார்கள். எட்டாதது எட்டாமலே போனது.

கூபே உடம்பு, டிராக்டர் எஞ்சின்

1985ல் ஸ்டாண்டர்ட் கடைசியாக ஒரு சூதாட்டம் ஆடியது. ஸ்டாண்டர்ட் 2000. இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காரின் உடம்பு அது. அந்த உடம்பை வடிவமைத்த டேவிட் பேச், ஃபெராரி டேடோனா கூபேயின் முகத்தை மனதில் வைத்து அதை வரைந்தார். குடும்பத்துக்கான பெரிய கார், பார்வைக்கு ஸ்போர்ட்ஸ் கூபே. 1977ல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கியது. அங்கே அதற்குள் மூன்றரை லிட்டர் வி8 எஞ்சின் இருந்தது.

வண்டலூரில் அதற்குள் வைத்தது ஸ்டாண்டர்டின் பழைய வேன்கார்ட் வம்சத்து 1991 சிசி எஞ்சின். இந்த வம்சத்தின் கதையைத் தனியாகவே எழுதலாம். நாற்பதுகளின் கடைசியில் கோவென்ட்ரியில் ஃபெர்குசன் டிராக்டருக்கும் வேன்கார்ட் குடும்பக் காருக்கும் இதே எஞ்சின் குடும்பம்தான். 1953ல் வந்த டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காருக்கும் அதுதான். உழவு, குடும்பம், பந்தயம் மூன்றுக்கும் உழைத்த எஞ்சின். ஆனால் நாற்பது வருடம் கழித்து ஃபெராரி முகத்துக்குள் அதை உட்கார வைத்தபோது, முகம் சொன்னதை எஞ்சினால் செய்ய முடியவில்லை. விலை எட்டாத உயரம். இன்னொரு பக்கம் 1983லிருந்து மாருதி 800 ஓட ஆரம்பித்திருந்தது. சின்னது, லேசானது, எஞ்சின் புதியது, நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகக்கூடியது.

1988 வாக்கில் ஆலை நின்றது. அந்த 1985ல்தான் வண்டலூர் உயிரியல் பூங்காவும் திறந்தது. இன்று வண்டலூர் என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது அதுதான். கார் நினைவு வருகிறவர்கள் குறைவு. பல வருடச் சட்டச் சிக்கலுக்குப் பிறகு, 2006ல் ஆலையின் சொத்துகள் விற்கப்பட்டன. இப்போது அந்த இடத்தில் ஐ.டி. பார்க்கும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன.

மறைமலை நகர்

1953ன் முடிவுக்குப் பிறகு போன ஃபோர்டு, 1995ல் மஹிந்திராவோடு சேர்ந்து திரும்பி வந்தது. 1999ல் மறைமலை நகரிலிருந்து ஐகான் வந்தது. ஃபியெஸ்டாவின் அடித்தளத்தில், இந்தியாவை மனதில் வைத்து உருவாக்கிய செடான். புடவை கட்டியவர்கள் ஏறுவதற்கு வசதியாகப் பின் கதவு அகலமாகத் திறக்கும், தலைப்பாகைக்காகப் பின் சீட்டில் கூடுதல் உயரம் என்று அப்போது செய்திகளில் எழுதினார்கள். படிக்கும்போது எனக்கு மார்க் 3 நினைவு வந்தது. முப்பது வருடத்துக்கு முன் வண்டலூர் பட்டறையில் கேட்ட அதே கேள்வியை இப்போது ஒரு பன்னாட்டு நிறுவனம் ஆய்வறிக்கை போட்டுக் கேட்கிறது. இந்த முறை உள்ளே நல்ல எஞ்சினும் இருந்தது.

அதே காலத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. என் வெர்னா அந்த ஆலையில் செய்ததுதான். எந்த அளவுகோலில் பார்த்தாலும் ஹெரால்டைவிட நல்ல கார். மழையில் நிற்காது, இடித்தால் ஆளைக் காப்பாற்றும். என் அம்மா எந்தக் குனிதலும் இல்லாமல் பின் சீட்டில் ஏறி, தனக்கு வேண்டியபோது தானே இறங்குகிறார். ஹெரால்டு நண்பர்கூட வெளியூர் போவதற்கு என் காரைத்தான் கேட்கிறார்.

ஆனால் இந்தக் காரில் எதை மாற்றலாம் என்ற முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்ற கேள்வி இருக்கிறது. சென்னையில் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சோழிங்கநல்லூரில் ஃபோர்டின் தொழில்நுட்ப மையம், மஹிந்திரா சிட்டியில் ரெனோ–நிஸானின் பொறியியல் மையம் என்று பல்லாயிரம் பேர் உலகத்துக்கே கார் வடிவமைக்கிறார்கள், அதற்கான நிரல் எழுதுகிறார்கள். 1968ல் வண்டலூரில் இருந்தவர்கள் கனவில்கூடப் பார்த்திராத கருவிகள் அவர்களிடம் இருக்கின்றன. ஆனால் எந்தக் கார் தொடர வேண்டும், எந்த ஆலை மூட வேண்டும் என்பது வேறெங்கோ முடிவாகிறது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022ல் மறைமலை நகரில் கடைசி கார் வெளியே வந்தது. 2024ல், ஏற்றுமதிக்காக அந்த ஆலையை மறுபடி பயன்படுத்தப் போவதாகத் தமிழ்நாடு அரசுக்குத் தெரிவித்தது. மூடுவதும் திறப்பதும் டியர்பார்னில் நடந்த கணக்கு. ஜி.எஸ்.டி. ரோட்டில் டீக்கடை வைத்திருப்பவர் முதல் உதிரிபாகப் பட்டறைக்காரர் வரை அந்தக் கணக்கின் விடையை வாங்கிக்கொள்பவர்கள் மட்டுமே.

இரண்டு காலத்தையும் எடை போட்டால் எதுவும் சுலபமாக ஒரு பக்கம் சாயவில்லை. அன்று உரிமை இருந்தது: அசல் கம்பெனி கைவிட்ட காரைக்கூட நம் தேவைக்கு மாற்றித் தொடர்ந்து செய்யலாம். ஆனால் முதல் இல்லை, போட்டி இல்லை, அதனால் அந்த உரிமை கதவோடும் ஆக்சிலோடும் நின்றுவிட்டது. இன்று முதல் இருக்கிறது, கருவி இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள். முடிவு இல்லை. என் தொழிலிலும் இதே நிலைதான் என்பதால் இது எனக்கு வெறும் கார் விஷயமாகத் தெரியவில்லை. நாங்கள் எழுதும் நிரலில் ஒரு வரியை எப்படி எழுத வேண்டும் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த நிரல் இருக்க வேண்டுமா, யாருக்காக இருக்க வேண்டும் என்று எங்களிடம் அபூர்வமாகத்தான் கேட்கிறார்கள்.

அதனால்தான் மார்க் 3 எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேகத்தில், அழகில், பாதுகாப்பில் அது எந்தப் போட்டியிலும் ஜெயிக்காது. ஆனால் இந்த ஊரில் யாரோ சிலர் பின் சீட்டில் மாட்டிக்கொண்டவர்களை யோசித்து, வேறு யாரும் செய்யாத இரண்டு கதவுகளைச் செய்தார்கள். அதைச் செய்யும் முடிவையும் இங்கேயே எடுத்தார்கள். பெருங்களத்தூரில் அந்த நிலத்தின் மேல் இன்று வேலை பார்க்கும் பொறியாளர்களுக்கு இந்தக் கதையை யாராவது சொல்ல வேண்டும்.